நிரப்பாமல் விடக்கூடாத கட்டம்

கெய்ரோ
3 அக்டோபர், வியாழன்

என் அன்புத் தோழி தஹானிக்கு,

நீயும் உன் மகள்களும் இறைவன் காவலில் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். சுகமா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் நம் க்ளினிக்கில் நீ ஊசி அறையிலும் நான் பதிவேட்டறையிலும் இருந்தோம். நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல். வெளியே பிள்ளைகள் அலறுகிற சத்தத்தில் என் மந்தக் காதுக்கு எதுவும் எட்டாது என்று எல்லாவற்றையும் சீட்டில் எழுதித் தள்ளிப் பழக்கியவள் நீ. இப்போது பாலைவனத்துப் புதுக் குடியிருப்புக்கு மாற்றலாகிப் போய் உட்கார்ந்துகொண்டு, போன் பண்ணு என்கிறாய். போனில் எனக்கு நீ பேசுவது பாதி புரியவில்லை. ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டு, எதற்கு ஆமாம் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் தடுப்பு மருந்து வண்டி ஓட்டும் ஷஹாத்தா அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வியாழன் உன் பக்கம் போகிறவர், ஞாயிறு இந்தப் பக்கம் வருவார். நீயும் அவரிடமே கொடு.

உன் இடத்துக்கு வந்த நர்ஸ் முதல் வேலையாக அந்த ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டாள். காற்று வருகிறதாம். இனிமேல் என் டீயை நானே குடித்து நானே நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய செய்தி, கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நம் வட்டாரத்துப் பதினொரு க்ளினிக் குமாஸ்தாக்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாம் என் மகன் வயசுப் பிள்ளைகள். கடைசிப் பரீட்சையில் ஒரு தப்பும் விடாதது ஐம்பத்து நாலு வயசு இன்ஷிராஹ் ஒருத்திதான். நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரி. சான்றிதழைச் சட்டம் போட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். டாக்டர் மேரிஹான் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க இன்ஷிராஹ் அக்கா ஏத்தினா அதுல திருத்தவே எதுவும் இருக்காது"ன்னு சொல்கிறார். சின்னப் பெண்ணாக இருந்தாலும் மரியாதை தெரிந்த டாக்டர்.

நாலாயிரம் குடும்பத்து ஃபைலையும் நான்தான் ஏற்ற வேண்டும். உனக்குத் தெரியும், இத்தனை வருஷத்தில் நான் ஒரு ஃபைலையும் படித்ததில்லை. அட்டையில் புருஷன் பெயரையும் போன் நம்பரையும் பார்ப்பேன், எடுத்துத் தருவேன், திரும்ப அடுக்குவேன். இப்போது ஒவ்வொரு பக்கமாகப் படித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் எந்தப் பிள்ளை எப்படிப் போயிற்று, எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் யாராவது சலாம் சொன்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருவரிடமும் வாய் திறக்கவும் முடியாது. ஊர் விஷயம் பூராவும் தெரிந்த ஒருத்திக்குப் பேச ஆள் இல்லாமல் போவதைப் போல் ஒரு தண்டனை உண்டா?

இன்னொரு தொல்லை, போன் நம்பர் கட்டம். அதை நிரப்பாமல் விட்டால் சிவப்பாகிவிடுகிறது, மேலே போக விடாது. பெண்கள் பக்கத்தில் நீ நம்பரே எழுதுவதில்லை. அதனால் அட்டையில் இருக்கும் புருஷன் நம்பரையே எல்லோருக்கும் போடச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஊசி எப்போது, அடுத்த மாத்திரை எப்போது என்று அந்த நம்பருக்கு மெசேஜ் தானாகப் போகுமாம்.

வீட்டில் மகன் வக்தி நன்றாயிருக்கிறான். டைல்ஸ் வேலை நிறைய வருகிறது. மருமகள் நிஸ்மாவுக்கு இன்னும் எதுவும் தங்கவில்லை. பேத்தி ஜனாவுக்கு ஐந்து வயசாகிவிட்டது. போன வாரம்கூட செய்யிதா ஜைனப் பள்ளிவாசலுக்கு நிஸ்மாவைக் கூட்டிப்போய் வேண்டிக்கொண்டேன். வக்தி அப்பாவின் பெயரைச் சொல்ல ஒரு பையனைப் பார்த்துவிட்டால் போதும், எனக்கு வேறு ஆசை இல்லை.

உன் சீட்டுக்காகக் காத்திருக்கும்,
இன்ஷிராஹ்


புதுக் குடியிருப்பு
13 அக்டோபர், ஞாயிறு

சான்றிதழ் வாங்கிய என் தோழி இன்ஷிராஹுக்கு,

சிரித்தேன். பிறகு சந்தோஷப்பட்டேன். உன்னிடம் தப்புக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரால் முடியாது, அதற்கு உன் செத்துப்போன மாமியார் எழுந்து வர வேண்டும்.

இங்கே மணலும் நானும். பத்து மாடி கட்டிடம் வரிசையாக நிற்கிறது, கீழே ஒரு தமிய்யா வடைக் கடை கிடையாது. சேரிகளை இடித்து இங்கே கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. மருந்தோடு என்னிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்பதை அவர்களிடம் சொல்வதில்லை.

இனி எழுதப்போவதைக் கவனமாகப் படி. இங்கே கம்ப்யூட்டர் போன வருஷமே வந்துவிட்டது. போன மாதம் ஒரு பெண் கண் வீங்கி வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிள்ளை தங்காமல் இருக்க இங்கே ஊசி போட்டுக்கொள்கிறவள். மெசேஜ் புருஷன் போனுக்குப் போயிருக்கிறது. "நாலு பேரு நடுவுல படிச்சுட்டான்க்கா, அதான் அவனுக்குத் தாங்கல"ன்னு அவனுக்காக அவளே பரிந்து பேசினாள்.

நம் க்ளினிக்கிலும் அப்படிப்பட்ட பெண்கள் உண்டு. புருஷனே ஃபைலை வாங்கிப் புரட்டுகிற வீடுகள். அவர்களுடைய ஊசிப் பக்கத்தை மடித்துத் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் செருகி, மூலையை மடக்கி வைத்திருப்பேன். நம்பர் எழுதாமல் விட்டதும் அதற்காகத்தான். மூலை மடங்கிய ஃபைல் எதையும் ஏற்றாதே. தனியாக எடுத்து வை. அடுத்த மாதம் லீவில் வரும்போது நானே உட்கார்ந்து பார்க்கிறேன். அவற்றோடு உங்கள் வீட்டு ஃபைலையும் வைத்துவிடு. சொந்த வீட்டு விஷயத்தைச் சொந்தக் கையால் ஏற்றுவது நன்றாயிருக்காது.

டீயை இரண்டு டம்ளரில் ஊற்று. ஒன்றை என் பேர் சொல்லிக் குடி.

உன்,
தஹானி


கெய்ரோ
17 அக்டோபர், வியாழன்

தஹானிக்கு,

மூலை மடங்கிய ஃபைல் முப்பத்தொன்று இருந்தது. சொன்னபடி எடுத்துப் பூட்டி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டு ஃபைலை வைக்கவில்லை. எடுத்துப் படி என்று நீயே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக என்னைத் தெரிந்தவளுக்கு, தொடாதே என்றால் நான் தொடுவேன் என்று தெரியாதா?

பதினாறு ஊசி. பதினாறும் உன் கையெழுத்து.

ஜனா பிறந்து ஒரு வருஷம் கழிந்து முதல் ஊசி. பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று, தவறவே இல்லை. தேதிகளை உட்கார்ந்து பார்த்தேன். போன வருஷம் ரமலானுக்கு முந்தின நாள் ஒன்று. அன்றைக்கு நிஸ்மா ஜனாவுக்குச் சளி மருந்து வாங்க வந்ததாகச் சொன்னாள். உன் அறையிலிருந்து அவள் வெளியே வந்ததும் நான் உள்ளே வந்தேன். வக்திக்கு ஒரு பையன் பிறக்க மாட்டானா, எனக்கு என்ன குறை வைத்துவிட்டான் இறைவன் என்று உன் தோளில் சாய்ந்து அழுதேன். நீ என் முதுகைத் தட்டிக் கொடுத்தாய். ஊசியைப் போட்ட அதே கையால்!

அவளுக்கு வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். பேரீச்சம் பூந்தூள் தேடி அலைந்தேன். டாக்டரிடம் காட்டலாமா என்று உன்னிடம் யோசனை கேட்டேன். "அவசரப்படாத, அதது நேரத்துல நடக்கும்"னு சொன்னாய். நீங்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு சிரித்திருப்பீர்கள்!

நம்பர் கட்டம் சிவப்பாக நின்றது. என் மகன் நம்பரைப் போட்டேன். அரசாங்கம் கேட்டது, கொடுத்தேன். அடுத்த ஊசி நவம்பர் நாலாம் தேதி, மூன்று நாள் முன்னால் மெசேஜ் போகும். தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்கு இனி எழுத வேண்டாம்.

இன்ஷிராஹ்


புதுக் குடியிருப்பு
20 அக்டோபர், ஞாயிறு

இன்ஷிராஹ்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஊசி அறைக்குள் வருகிற பெண், உன் மருமகளாக இருந்தாலும் என் மகளாக இருந்தாலும், அந்த அறைக்குள் எனக்கு நோயாளி. உன் முதுகைத் தட்டிக் கொடுத்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்கு எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை, நீ அழுதுகொண்டிருந்தாய்.

நாங்கள் சிரிக்கவில்லை. சத்தியமாக ஒரு நாளும் சிரிக்கவில்லை.

நீ ஊசிப் பக்கத்தை மட்டும் படித்திருக்கிறாய். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரித் தாள் ஒன்று இருக்கிறது, ஜனா பிறந்தபோது கொடுத்தது. அதை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்து ஃபைலில் செருகியவளே நீதான். இங்கிலீஷில் கிறுக்கியிருந்ததால் நீ பார்த்திருக்க மாட்டாய். அடியில் பென்சிலால் நம் பாஷையில் நான் எழுதியிருக்கிறேன், எடுத்துப் படி. பிரசவத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி மூன்று தடவை வலிப்பு வந்தது. பத்து நாள் அவளை ஏன் வைத்திருந்தார்கள் என்று நினைத்தாய்? இன்னொரு தடவை கர்ப்பமானால் பிழைப்பது கஷ்டம் என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வக்தியிடமும் சொன்னார். உன் மகன் கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்ததை ஒப்புக்கொள்ள மாட்டாமல், "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க, காப்பாத்துறவன் மேல இருக்கான்"னு சொல்லிவிட்டு, அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று நிஸ்மாவுக்குக் கட்டளை போட்டான்.

முதல் ஊசிக்கு வந்த அன்றைக்கு நான் அவளிடம் கேட்டேன், "உன் மாமிகிட்ட சொல்லிடலாமே, அவ உன்ன மக மாதிரி பாத்துக்கிறா. வக்தியையும் அவ சமாளிச்சுடுவா."

"அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க"ன்னு கையைப் பிடித்துக்கொண்டாள். "புருஷன் கத்தினா நான் தாங்கிக்குவேன். மாமி என் முன்னாடி உக்காந்து அழுதா, சரி மாமி, பெத்துக்கறேன்னு சொல்லிடுவேன்."

இதைத்தான் நான்கு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். நவம்பர் ஒன்றாம் தேதிக்கு முன்னால் அந்த நம்பரை மாற்றிவிடு. என்னை அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

தஹானி


புதுக் குடியிருப்பு
3 நவம்பர், ஞாயிறு

இன்ஷிராஹ்,

இரண்டு வியாழன் போய்விட்டது. வண்டி வருகிற சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன், ஷஹாத்தா அண்ணன் கையை விரிக்கிறார். மூன்று தடவை போன் பண்ணினேன். மாற்றினாயா? நிஸ்மா எப்படி இருக்கிறாள்? மாற்றினேன் என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடு, வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

தஹானி


கெய்ரோ
14 நவம்பர், வியாழன்

தஹானிக்கு,

உன் இருபதாம் தேதிக் கடிதத்தைக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். பிறகு ஃபைலை எடுத்து அந்தத் தாளைப் பார்த்தேன். பென்சில் எழுத்து கொஞ்சம் அழிந்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. அந்தத் தாளை நான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது நினைவிருக்கிறது. நம் க்ளினிக்கில் என்னைப் போல் ஒழுங்காக ஃபைலில் செருகுகிறவள் கிடையாது.

அன்றைக்கே நம்பரை மாற்றப் போனேன். கம்ப்யூட்டர் விடவில்லை. ஏற்றியபின் குமாஸ்தா திருத்த முடியாதாம். டாக்டர் மேரிஹானிடம் போய், வேறு நம்பர் போட வேண்டும் என்றேன். "வேற நம்பர்னா தலைமை அலுவலகத்துக்கு எழுதணும் அக்கா, ரெண்டு வாரம் ஆகும்"னு சொல்லி எழுதி அனுப்பினார். வக்தியின் போனை எடுத்துத் தண்ணீரில் போடலாமா என்றுகூட யோசித்தேன். நான் என்ன யோசித்தாலும் என்ன, தேதி வந்துவிட்டது.

ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். வக்தி போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். நிஸ்மா முலூகியாக் கீரைச் சட்டியைக் கொண்டுவரும்போது அது ஒலித்தது. அவன் எடுத்து உரக்கப் படித்தான். "குடும்பக் கட்டுப்பாட்டு ஊசிக்கான நாள் நவம்பர் நாலு. தவறாமல் வரவும்." கீழே எங்கள் ஃபைல் நம்பர்.

"என்னது இது?"ன்னு நிஸ்மாவைப் பார்த்தான்.

அவள் சட்டியைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள் என்று நினைக்கிறேன். இத்தனை நாள் ஒளித்தவள் களைத்துப்போயிருந்தாள்.

"அட, என் தலையெழுத்தே!"ன்னு நான் சத்தம் போட்டேன். "உனக்கும் வந்துடுச்சா? வரிசை மாத்தி ஏத்திட்டேன்டா. பக்கத்து ஃபைல் பொம்பளையோடது நம்ம ஃபைல்ல ஏறி உன் நம்பருக்கு வந்திருக்கு. இன்னும் எத்தன வீட்டுக்குப் போயிருக்கோ தெரியல."

"நீங்களா? நீங்கதான் தப்பே விடமாட்டீங்களே உம்மா!"

"எல்லாம் சும்மா பெருமைக்குச் சொல்லிக்கிட்டது. எனக்குக் கண்ணும் தெரியல, அந்த மிஷினும் புரியல."

உடனே நம்பினான், தஹானி. காது கேட்காத கிழவிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்பதை நம்ப அவனுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு வலித்தது, ஆனால் அதைத்தான் நான் விரும்பினேன். கோபம் மட்டும் வந்தது அவனுக்கு. "இது எவன் கண்ணுலயாவது பட்டிருந்தா என் மானம் என்னாவறது"ன்னு கத்தினான். நிஸ்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் க்ளினிக்குக்கு வந்து எல்லார் முன்னாலும் புகார் சொன்னான். என் மகன்தான், ஆனால் அன்றைக்கு அவன் புகார்க்காரன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், "நிஜமாவே தப்பாப் போட்டீங்களா அக்கா? உங்க பக்கத்துல இதுவரைக்கும் ஒரு தப்பும் வந்ததில்லையே."

"வயசாயிடுச்சு டாக்டர்"னேன்.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். தப்பு என்று எழுதிக் கொடுத்தால் திருத்தம் அன்றைக்கே நடக்கிறது. நிஸ்மா பக்கத்தில் இப்போது என் நம்பர் இருக்கிறது. அந்த முப்பத்தொரு ஃபைலையும் அவர் மேஜையில் வைத்து, கண் வீங்கி வந்த உன் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். இப்போது ஒவ்வொருத்தியையும் தனியாக உட்கார வைத்து, யார் நம்பர் போடட்டும் என்று கேட்கிறார். என்னை டோக்கன் ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். சான்றிதழை நானே கழற்றிவிட்டேன்.

நாலாம் தேதி நிஸ்மா ஊசிக்கு வரவில்லை. அஞ்சாம் தேதியும் இல்லை. என்னைக் கண்டால் அறைக்குள் போய்விடுவாள். நான் எப்போது உட்கார்ந்து அழப்போகிறேன் என்று பயந்துகொண்டிருந்தாள். ஏழாம் தேதி மாடியேறிப் போனேன்.

"துணிய மாத்திக்கிட்டு வா, க்ளினிக்குக்குப் போலாம்"னேன்.

"எதுக்கு மாமி?"

"மூணு நாள் தாமதமாயிடுச்சு. புது நர்ஸுக்குக் கை நல்ல கைதான், வலிக்காது."

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அவள் முன்னால் இனி அழுவதில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறேன். அவள் உள்ளே போனபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இஸ்திரிக்காரன் பெண்டாட்டி வந்து, "மருமக எதுக்கு வந்திருக்கா, விசேஷமா?"ன்னு சிரித்தாள். "எனக்கு சுகர் பாக்க வந்தோம், துணைக்கு வந்திருக்கா"ன்னேன். திரும்பும்போது நிஸ்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. நீ மறைத்ததற்காக இல்லை. என் வீட்டுப் பெண் உயிருக்குப் பயந்தபோது உன்னிடம் வந்தாள், என்னிடம் வரவில்லை. என் கண்ணீருக்கும் சேர்த்துப் பயந்து வந்தாள். அது உன் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன்மேல்தான் கோபம் வருகிறது. வேறு யார் மேல் கோபப்படுவேன்?

எனக்குப் பேரன் பிறக்க மாட்டான், தஹானி. இதை வக்தியிடம் சொல்ல முடியாது. நிஸ்மா முன்னால் நினைக்கவும் கூடாது. அக்கம்பக்கத்தில் கேட்கிறவர்களிடம், இறைவன் நாடினால் நடக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். இந்த ஊரில் இத்தனை பேர் இருந்தும் இதைச் சொல்லி அழ உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் பதில் அனுப்பு.

இன்ஷிராஹ்